மூன்றாவது ழ

தடுப்பூசி அட்டையில் இன்னும் நீ
பேபி ஆஃப் மங்கையர்க்க.
அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.
லேபில் ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள் நான்;
எந்தப் பெயர் எங்கே வெட்டுப்படும் என்று
கைக்கே தெரியும்.
அங்கே என்னை மேங்கோ மேடம் என்கிறார்கள்.
பழகிவிட்டது.

பெரியக்கா பிறந்தது ஜூலையில்,
குர்லாவில் தண்டவாளம் முழுகி
உன் அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்த ராத்திரி.
மேகத்தின் மேல் கோபிக்காமல்
எழிலி என்று வைத்தோம்.
பள்ளிக்கூடத்தில் அவள் ஈஸிலி.
கணக்கில் மார்க் குறைந்த அன்று
"ஈஸிலி ஃபெயில்" என்று கரும்பலகையில் எழுதிவைத்தார்கள்.

சின்னக்கா தாழை.
கூப்பிட்டால் மணக்கும் என்று நினைத்தோம்.
இங்கே அவள் தாஜா.
செம்பூர் திலக் நகரில் வெண்டைக்காய் வண்டிக்காரர்
"தாஜா, தாஜா" என்று கூவிப்போனால்
இவள் பால்கனியிலிருந்து
"க்யா ஹை?" என்பாள்.

அதனால்தான் உன் அப்பா
இவளுக்காவது விடுதலை கொடுப்போம் என்றார்.
ரியா. மீரா. தியா.
எந்த வாயிலும் வழுக்கிக்கொண்டு போகும் பெயர்கள்.
பால் கட்டிய வலியில் தலையாட்டினேன்,
எதற்கும் ஆட்டியிருப்பேன்.
நாத்தனார் போனில் வந்தாள்:
"பூர்த்தின்னு வை, அப்பத்தான் அடுத்தது பையன்."
பிள்ளையென்ன, விண்ணப்பப் படிவமா?

எழிலிதான் சாப்பிடுவதை நிறுத்தினாள்.
"ழ இல்லாம வச்சா
இவ யார் வீட்டுப் பாப்பா?"
ஈஸிலி என்கிறார்களென்று
அழுதுகொண்டு வந்த அதே பிள்ளை.
தான் பட்டதைத் தங்கையும் படட்டும் என்கிறாளோ?
இருக்கலாம். கொஞ்சம் அதுவும் இருக்கலாம்.

என் அக்கா திலகவதி.
பெயரைக் கேட்டதுமே
நீங்க அக்கா தங்கச்சியா என்பார்கள்.
இப்போது அவள் கத்தாரில்,
பேசி ஏழு மாதமாகிறது.
பெயர்கள் மட்டும் இன்னும் ஜோடியாக நிற்கின்றன.

கூடி உட்கார்ந்தோம்.
தாழைக்கு வாழை பொருத்தம் என்றாள் தாழை.
வேண்டாமென்றதும் கோழி.
அதுவும் வேண்டாமென்றதும்
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, புழு.
குழலி, பொழில், ஆழி என்று
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் நிரம்பியது.
உன் அப்பா மூன்று பெயரையும் சேர்த்துச் சேர்த்துக் கூப்பிட்டுப் பார்த்தார்,
சாப்பிட வரச்சொல்லும் குரலில்,
அடிக்கப்போகும் குரலில்,
ரயில் கிளம்பும்போது கத்தும் குரலில்.
பொழில் கத்தலுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் காதில் விழுந்தது:
எழிலி தன்னை எளிலி என்கிறாள்.
முன்பல் இரண்டும் விழுந்த தாழை
தன்னைத் தாயை என்கிறாள்.
எத்தனை நாளாக?
ஊர் வாயைத் திருத்தித் திருத்தி
வீட்டு வாயைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.
உன் பேர் என்ன என்றால்
தாயை, தாயை என்று ஒரு பிள்ளை
பாதியில் நிற்கும் வாக்கியம் போலச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
திருத்த வாயெடுத்தேன்.
மூடிக்கொண்டேன்.

வார்டு ஆபீஸில் காம்ப்ளே மேடம்
படிவத்தின் மேல் பேனாவை நிறுத்தினார்.
உங்கள் எழுத்து எங்கள் மராத்தியில் இல்லை,
ள இருக்கிறது, "சாலேல் கா?"
எங்கள் வீட்டிலும் அதுதான் இருக்கிறது.
சாலேல் என்றேன்.
மூன்றாவதும் பெண்ணா என்று அவர் கேட்கவில்லை.
கேட்பாரென்று தயாராக வைத்திருந்த பதில்
இன்னும் வாயிலேயே இருக்கிறது.

உன் பெயர் மிழலை.
மழலைதான், கொஞ்சம் பழைய சொல்.
யார் எப்படிக் குழறினாலும்
அர்த்தம் கெடாது.

தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று
ஒருத்தி மிளலை என்கிறாள்,
ஒருத்தி மியலை.
நீ யாருக்கும் திரும்பவில்லை,
ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.